உஷார்! தட்டைப்புழுவைக் கண்டதும் மருந்துப் புட்டியைத் திறக்காதீர்கள்

கண்ணாடியின் கீழ் ஓரத்தில் துரு நிறத்தில், அரிசிக் குறுணை அளவில் ஏதோ ஒட்டியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் வழுக்கிக்கொண்டே நகர்கிறது. பக்கத்தில் இன்னொன்று. பாறையில் வெளிச்சம் விழும் பக்கத்தில் ஒரு திட்டாகவே அப்பிக்கிடக்கிறது. உங்கள் கடல்நீர்த் தொட்டியில் இதைப் பார்த்திருந்தால், கையில் இருக்கும் மருந்தைக் கீழே வைத்துவிட்டு இதை முழுக்கப் படியுங்கள். புழுக்கள் இப்படித் திட்டுத் திட்டாக இருக்கும்போது மருந்தை ஊற்றினால் மீன்கள் செத்துப்போகலாம். அவற்றைக் கொல்வது மருந்து அல்ல. செத்து உடையும் புழுக்களின் உடலிலிருந்து வெளிவரும் நஞ்சு.

தட்டைப்புழு பவளத்தைக் கெடுக்க வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். அதைக் கொல்லும் அவசரத்தில் நேரும் இழப்பு ஒரே இரவில் நடந்து முடிந்துவிடும். மாதக்கணக்கில் உப்பளவும் கால்சியமும் பார்த்துப் பார்த்து நிலைப்படுத்திய ஒரு தொட்டி அப்படி ஒரே இரவில் போவதை எந்த வளர்ப்பாளரும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் முதல் வேலை, வந்திருப்பது எந்தப் புழு என்று கண்டுபிடிப்பது. ஒரு புழுவுக்கான மருந்து இன்னொரு புழுவின் முட்டையைத் தொடக்கூடச் செய்யாது. ஒரு புழுவை உறிஞ்சி எடுத்தே கட்டுப்படுத்தலாம். இன்னொன்றுக்கு ஒவ்வொரு பவளத்தையும் வெளியே எடுத்தாக வேண்டும். சில புழுக்களை ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை.

துரு நிறப் புழு

தொட்டிக்காரர்கள் 'ரெட் பிளனேரியா' என்று சொல்வது இதைத்தான். அறிவியல் பெயர் கான்வல்யூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா. சில மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், வால்பக்கம் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். அந்த மூன்று மடல்தான் அடையாளம். சாதாரண பூதக்கண்ணாடியிலேயே தெரியும். கைபேசிக் கேமராவை அருகில் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

இந்தப் புழுவின் உடலுக்குள் பாசிகள் வாழ்கின்றன. விளக்கு எரியும் நேரத்தில் அந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து புழுவுக்கும் உணவு கொடுக்கின்றன. அதனால்தான் இவை விளக்கு நன்றாக விழும், நீரோட்டம் குறைந்த இடங்களில் கூடுகின்றன. பாசி ஊட்டுவது போதாதென்று கோபிபாட் போன்ற மிகச்சிறிய ஓட்டுடலிகளையும் பிடித்துத் தின்னும். மாண்டரின் மீன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புழு பெருகிய தொட்டியில் அந்த மீனின் இரையும் குறையும்.

இனப்பெருக்கம்தான் கவலைக்குரியது. உடலின் பின்புறத்தில் மொட்டு விடும், மொட்டு வளர்ந்து பிரிந்து தனிப்புழுவாகும். மொட்டின் தலை தாயின் தலைக்கு எதிர்த்திசையில் அமைவது இந்த இனத்தின் வினோதம். 1988இல்தான் இதற்குப் பெயர் சூட்டினார்கள். மொட்டு விட்டுப் பெருக ஜோடி தேவையில்லை. ஒரு ஃப்ராக்கின் (வெட்டி எடுத்த பவளத் துண்டின்) அடியில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு புழு வந்திருந்தாலும், சத்து மிகுந்த தண்ணீரும் நல்ல விளக்கும் இருந்தால் அதுவே கூட்டமாகிவிடும்.

இது பவளத்தைத் தின்னாது. ஆனால் பவளத்தின் மேல் படர்ந்து விளக்கை மறைக்கும். போர்த்தியதுபோல மூடப்பட்ட பவளம் விரிய முடியாமல் சுருங்கி, நாளடைவில் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கும். பெரிய ஆபத்து நான் முதலில் சொன்ன நஞ்சுதான். உயிரோடு இருக்கும்வரை அது புழுவின் உடலுக்குள்ளேயே இருக்கும். கூட்டமாகச் செத்தால் ஒரேயடியாகத் தண்ணீரில் கலக்கும். மருந்து போடாத தொட்டியிலும் இது நடக்கலாம். வெப்பம் திடீரென்று ஏறுவது, உப்பளவு சட்டென்று இறங்குவது போன்ற ஏதோ ஒரு காரணத்தால் கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் செத்தால் விளைவு ஒன்றுதான்.

இன்னொரு தவறும் நடக்கிறது. கண்ணாடி சுரண்டும் பிளேடால் புழுக்களை நசுக்கித் தேய்ப்பது. இந்தப் புழுக்களின் உடலில் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்கள் உண்டு. துண்டான உடல் மீண்டும் வளரும் திறன் அவற்றுக்கு இருக்கிறது. நசுக்கினால் நஞ்சும் வெளிவரும், துண்டுகளும் தொட்டி முழுக்கப் பரவும். தேய்க்காதீர்கள். உறிஞ்சி எடுங்கள்.

பவளத்தின் தோல்மேல் வாழ்பவை

காளான் பவளம், குமிழ்ப் பவளம், யூஃபிலியா போன்றவற்றின் சதைமேல் பழுப்பு நிறத்தில், வட்டமாகவோ இதய வடிவிலோ, சில சமயம் வெள்ளைப் புள்ளிகளோடு ஒட்டிக்கிடப்பவை வாமினோவா வகைப் புழுக்கள். இவற்றின் உடலிலும் பாசிகள் உண்டு. தாய் முட்டையிடும்போதே அந்தப் பாசிகளைக் குஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறது. இவை பவளத்தின் சளியைத் தின்று வாழ்கின்றன. நாலைந்து இருந்தால் பெரிய பவளம் தாங்கிக்கொள்ளும். கூட்டமாகப் படர்ந்தால் கதை வேறு. கேலக்சியா என்ற கடினப் பவளத்தை வைத்துச் செய்த ஆய்வில், இந்த வகைப் புழுக்கள் மேலே இருக்கும்போது பவளம் இரையைப் பிடித்து உண்பது குறைந்துபோனது தெரியவந்தது. பவளம் பட்டினி கிடக்கிறது, பார்ப்பவர் தண்ணீரைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார் என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

இவற்றோடு சேர்த்துப் பயப்பட வேண்டாதவை சிலவும் உண்டு. கண்ணாடியில் ஊரும் நிறமற்ற, கிட்டத்தட்டக் கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு புழுக்கள் பெரும்பாலும் எந்தக் கெடுதியும் செய்யாதவை. விட்டுவிட்டு ஓடி, துள்ளித் துள்ளி நகர்பவை புழுவே அல்ல, கோபிபாட். அவை உங்கள் தொட்டி நலமாக இருப்பதன் அறிகுறி. அவற்றைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கப் போகாதீர்கள். முதுகில் குஞ்சம் குஞ்சமாக நீட்டிக்கொண்டிருந்தால் அது கடல் நத்தை வகை, நூடிபிராங்க். மான்டிபோராவையும் ஸோவாந்திட்டையும் தின்னும் நூடிபிராங்குகள் உண்டு, ஆனால் அவற்றுக்கான வைத்தியம் வேறு. இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, அலை அலையான ஓரத்தோடு, பாறையிடுக்கிலிருந்து இரவில் வெளிவரும் பெரிய தட்டைப்புழு இருந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள். பாலிக்ளாட் எனப்படும் அந்த வகையில் சிப்பியையும் நத்தையையும் கொன்று தின்பவை உண்டு. டிரிடாக்னா சிப்பி வைத்திருப்பவர்கள் இரவில் டார்ச் அடித்துப் பார்த்து, கண்டதும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாமல் தின்பது

எஸ்பிஎஸ் எனப்படும் சிறு பாலிப் கடினப் பவளங்களை வளர்ப்பவர்களின் வயிற்றைக் கலக்கும் புழு ஒன்று இருக்கிறது. அவற்றில் அக்ரோபோரா என்ற பவளத்தை மட்டும் தின்பது. 2011இல்தான் இதற்கு முறையான அறிவியல் விவரிப்பு வந்தது. அதற்கு முன்பே வளர்ப்பாளர்கள் வருடக்கணக்கில் இதோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். முதலில் அமகுசப்ளானா அக்ரோபோரே என்று பெயர் வைத்தார்கள், இப்போது ப்ரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. 2012இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், லிசர்ட் தீவுப் பகுதியில், இயற்கையான அக்ரோபோராவிலேயே இதைக் கண்டார்கள். அதாவது இது தொட்டியில் உருவான தொல்லை அல்ல. கடலில் இருப்பது, பவளத்தோடு ஒட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வருகிறது. கடலில் மீனும் இறாலும் இதை அடக்கி வைத்திருக்கலாம், தொட்டியில் அப்படி யாரும் இல்லை.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் தெரியுமா? தின்ற பவளத்தின் பாசியும் நிறமியும் இதன் உடலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பச்சை அக்ரோபோராவில் இருக்கும் புழு பச்சை கலந்து தெரியும். பழுப்பில் இருப்பது பழுப்பாகவே தெரியும். தட்டையாகச் சதையோடு சதையாகப் படுத்திருக்கும் புழுவை நேருக்கு நேர் பார்த்தாலும் கண் தவறவிடும். அதனால் புழுவைத் தேடாதீர்கள், புழு விட்டுச்சென்ற தடயத்தைத் தேடுங்கள்.

முதல் தடயம், கடித்த இடம். கிளையில் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள். அடிப்பகுதியிலிருந்து, நிழல் விழும் பக்கத்திலிருந்து தொடங்கும். பவளம் மங்கிப்போகும், பகலில் பாலிப் வெளியே வராது. தண்ணீரின் எல்லா அளவுகளும் சரியாக இருந்தும் ஒரு அக்ரோபோரா மட்டும் நாளுக்கு நாள் நிறம் இழந்துகொண்டே போனால், கால்சியத்தைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு அதைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள். இரண்டாம் தடயம், முட்டை. கிளையின் அடியில், சதை போய் வெறும் எலும்பாக நிற்கும் இடத்தில், உயிருள்ள சதையின் விளிம்பை ஒட்டி, பொன்பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிய கூட்டமாக இருக்கும். முட்டையைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தட்டிலோ வாளியிலோ தொட்டித் தண்ணீரை எடுத்து, பவளத்தை அதில் பிடித்துக்கொண்டு, ரப்பர் குமிழ் வைத்த பேஸ்டரால் கிளை கிளையாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஒட்டியிருக்கும் புழு பெயர்ந்து வெள்ளைத் தட்டில் விழுந்து நெளியும். பெயராமல் அடம்பிடிப்பவையும் உண்டு, ஆகவே ஒரு முறை ஒன்றும் விழாததை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம், இதில்தான் பலர் தோற்கிறார்கள். பவளத்தை நனைத்தெடுக்கும் எந்த டிப் மருந்தையும் நம்பி முட்டையை விட்டுவைக்க முடியாது. டிப் கொடுத்தால் வளர்ந்த புழு விழுகிறது, முட்டை அப்படியே இருக்கிறது, பவளத்தைத் திரும்பத் தொட்டியில் வைக்கிறோம், சில வாரம் கழித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. இந்தப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை வெப்பநிலை வாரியாக அளந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. 27 டிகிரி செல்சியஸில் முட்டை பொரிய சராசரியாக 11 நாள்.  ஒரு தலைமுறைக்குக் குறைந்தது 38 நாள். அதே புழுவுக்கு 24 டிகிரியில் ஒரு தலைமுறைக்கு இதைவிட அதிக நாள் ஆகிறது. மூன்று டிகிரி கூடினால் சீக்கிரமே வேலையை முடித்துவிடுகிறது.

நம்மூர் வளர்ப்பாளர்கள் இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். குளிர் நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் வரும் நாள் கணக்கு 24, 25 டிகிரித் தொட்டியை மனதில் வைத்துச் சொல்லப்பட்டதாக இருக்கலாம். சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் சில்லர் ஓடினாலும் தொட்டி 27ஐத் தொடுவது சகஜம், மின்சாரம் போன மதியத்தில் அதையும் தாண்டும். அங்கே சொல்லும் இடைவெளியில் இங்கே டிப் கொடுத்தால், நடுவில் ஒரு தலைமுறை வளர்ந்து முட்டையிட்டுவிடும். உங்கள் தொட்டியின் வெப்பநிலையைப் பார்த்து நாளைக் குறியுங்கள்.

27 டிகிரித் தொட்டியில், முதல் டிப் கொடுத்த நாளில் எஞ்சியிருக்கும் முட்டைகள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுகள் முட்டையிடத் தயாராவதற்குள் அவற்றைப் பிடித்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு டிப் என்று ஆறு வாரம் தொடர்ந்தால் இந்த இடைவெளி எதிலும் ஓட்டை விழாது. ஒவ்வொரு டிப்பிலும் பேஸ்டரால் பீய்ச்சுங்கள், முட்டைக் கூட்டத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷாலோ கத்தி முனையாலோ சுரண்டி எடுங்கள். எடுக்க முடியாத இடுக்கில் இருந்தால் சூப்பர் குளூ ஜெல்லைப் பூசி மூடிவிடுங்கள். பவளம் ஒட்டியிருக்கும் ஃப்ராக் பிளக்கை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காதீர்கள். செத்த அடிப்பகுதியோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, உயிருள்ள கிளையைப் புதிய பிளக்கில் ஒட்டுங்கள். பவளத்தின் அளவு குறையும், மனசு வலிக்கும். ஆனால் முட்டை பெரும்பாலும் இருப்பது அந்த அடிப்பகுதியில்தான்.

பெரிய தொட்டியை என்ன செய்வது? எல்லா அக்ரோபோராவையும் எடுத்துத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள். பாறையோடு படர்ந்து ஒட்டிப்போன அடித்தளத்தையும் உளியால் பெயர்த்து எடுங்கள் அல்லது எபாக்ஸி பூசி முழுக்க மூடுங்கள். குஞ்சுப் புழுவுக்கு நீந்தத் தெரியும். அக்ரோபோரா இல்லாமல் சில மணி நேரத்திலிருந்து அதிகபட்சம் 9 நாள் வரை அது உயிரோடு இருந்ததை மேலே சொன்ன 2019 ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பொரிய 11 நாள், பட்டினியில் 9 நாள், ஆக 20 நாள். இது சராசரியை வைத்துப் போட்ட கணக்கு, கொஞ்சம் தாமதமாகப் பொரியும் முட்டையும் இருக்கும். தனித் தொட்டியில் டிப் முடியும் அந்த ஆறு வாரமும் பெரிய தொட்டியை அக்ரோபோரா இல்லாமல் வையுங்கள். இரண்டு தொட்டிகளும் ஒரே சம்ப்பை (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியை) பகிர்ந்துகொண்டால் இத்தனை பாடும் வீண், நீந்தும் குஞ்சு குழாய் வழியே போய்விடும்.

துரு நிறப் புழுவுக்கு மருந்து போடும் நாள்

மருந்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலிஃபர்ட் நிறுவனத்தின் ஃப்ளாட்வார்ம் எக்ஸிட் போன்றவை இந்தப் புழுவின் மேல் வேலை செய்கின்றன. ஆனால் மருந்து கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியது, புழுக்கூட்டத்தை ஆகக் குறைவாகக் கொண்டுவருவது.

காற்றுக் குழாய் போன்ற மெல்லிய குழாயால் தினமும் சைஃபன் போட்டு உறிஞ்சுங்கள். தண்ணீரை ஃபில்டர் சாக் அல்லது நெருக்கமாக நெய்த துணி வழியே வடிகட்டினால், புழு துணியில் நிற்கும், தண்ணீரை மறுபடி தொட்டிக்கே ஊற்றலாம். பிடித்த புழுக்களை நல்ல தண்ணீரும் ப்ளீச்சும் கலந்த வாளியில் போட்டுக் கொன்றுவிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். காலையில் விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் அவை கூடிநிற்கும், அதுதான் உறிஞ்ச நல்ல வேளை. வேவ்மேக்கரின் திசையை மாற்றி, அவை கூடும் இடத்தில் நீரோட்டத்தைக் கூட்டுங்கள். தீவனத்தைக் குறைத்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறாமல் பாருங்கள். பல தொட்டிகளில் இந்த அளவிலேயே புழு கட்டுக்குள் வந்துவிடுகிறது, மருந்தே தேவைப்படுவதில்லை. அவசரப்பட்டு மருந்தை முதலில் ஊற்றுபவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால், விடுமுறை நாளின் காலையில் போடுங்கள். வேலைக்குக் கிளம்பும் முன்போ இரவு படுக்கப்போகும் முன்போ போடக் கூடாது. அன்று முழுக்க நீங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். புட்டியைத் திறப்பதற்கு முன்பே சில தயாராக இருக்கட்டும். தொட்டியின் கால் பங்குக்குக் குறையாத, முடிந்தால் பாதி அளவு, உப்பும் வெப்பமும் பொருந்திய புதுத் தண்ணீர். கழுவித் தூசி நீக்கிய புதிய ஆக்டிவேட்டட் கார்பன், வழக்கமாகப் போடுவதைவிட அதிகமாக. காற்றுப் பம்ப். சைஃபன் குழாய், வாளி. மருந்து போடும்போது கார்பனை வெளியே எடுத்து, யூவி, ஓசோன் இருந்தால் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் மருந்தே வீணாகும். தொட்டியின் உண்மையான தண்ணீர் அளவைக் கணக்கிடுங்கள். பாறையும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்து, சம்ப்பைக் கூட்டி. அளவு புட்டியின் தாளில் இருக்கிறது, அதைவிட ஒரு சொட்டுக்கூடக் கூட்டாதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் புழுக்கள் சுருண்டு, பிடி விட்டுத் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் சைஃபன் குழாய் உங்கள் கையில் இருக்க வேண்டும். உடல் உடைந்து நஞ்சு வெளிவருவதற்குள் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுங்கள். ஒரு கண் மீன்மேல் இருக்கட்டும். மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்தாலோ, செவுள் வேகமாக அடித்தாலோ, பக்கவாட்டில் சாய்ந்தாலோ, தாளில் சொன்ன நேரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கார்பனை உடனே போட்டு, தண்ணீரை மாற்றுங்கள். அறிகுறி எதுவுமில்லாமல் நேரம் முடிந்தாலும் அதே இரண்டு வேலைகளையும் செய்துவிட வேண்டும். கார்பனை இரண்டு நாள் கழித்து மாற்றிப் புதிதாகப் போடுங்கள். ஒரு முறையில் எல்லாம் சாகாது. ஒரு வாரம் கழித்து, எஞ்சியதை உறிஞ்சிவிட்டு, மறுபடி இதே முறையில்.

கால்நடைக்குக் கொடுக்கும் லெவாமிசோல் குடற்புழு மருந்தைத் தொட்டியில் போடச் சொல்லும் யோசனையும் நம் வளர்ப்பாளர்களிடையே சுற்றுகிறது. லெவாமிசோல் புழுவைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும் மருந்துகளில் பலவற்றில் கூடவே வேறு மருந்தும் கலந்திருக்கும், அது உங்கள் இறாலையும் குழாய்ப்புழுவையும் நத்தையையும் என்ன செய்யும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. மாட்டின் எடைக்குக் கணக்கிட்ட அளவை லிட்டருக்கு மாற்றிப் போடுவது சூதாட்டம். செம்பு கலந்த மீன் மருந்தை மட்டும் எந்தச் சூழலிலும் பவளத் தொட்டியில் ஊற்றாதீர்கள். முதுகெலும்பில்லாத உயிர்கள் அத்தனையும் போகும்.

தின்னும் மீனை விட்டால் போதும் என்று சொல்வார்கள். ஆறுகோடு ராஸ் மீன் அக்ரோபோராப் புழுவைத் தின்னும் என்பதும், லிஸ்மாட்டா விட்டாட்டா என்ற பெப்பர்மின்ட் இறால் அதன் முட்டையையும் தின்னும் என்பதும் ஆய்வுக்கூடத்தில் பார்க்கப்பட்ட உண்மை. மஞ்சள் ராஸ், மாண்டரின் போன்றவற்றில் சில துரு நிறப் புழுவைக் கொத்தும், சில திரும்பியும் பார்க்காது. இவை உதவிக்கு, வைத்தியத்துக்கு மாற்று அல்ல. மீன் அடக்கி வைத்திருப்பதால் புழு கண்ணில் படாமல் இருக்கும், நீங்கள் போய்விட்டது என்று நம்பி ஃப்ராக் வெட்டிக் கொடுப்பீர்கள். கரு நீல வெல்வெட் போன்ற கெலிடோனூரா வேரியன்ஸ் என்ற கடல் நத்தையை வாங்கவே வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அது இதுபோன்ற சிறு தட்டைப்புழுக்களைத் தின்று வாழும் உயிர். புழு தீர்ந்த பிறகு அதற்கு உணவில்லை, உங்கள் தொட்டியில் பட்டினியால் சாகும்.

பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள்

இது புழுவைப் பற்றியது அல்ல, உங்கள் குடும்பத்தின் உயிரைப் பற்றியது. புழுத் தொல்லை தாங்காமல் லைவ் ராக்கை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றுவது, அடுப்பில் வைத்து வேகவைப்பது, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பது ஆகியவை சிலருக்குத் தோன்றும் வழிகள். அந்தப் பாறையில் பாலித்தோவா, ஸோவாந்திட் வகை உயிர்கள் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு காற்றில் கலக்கும். மூச்சுத் திணறல், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும். அமெரிக்காவின் அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை வீடுகளிலும் கடையிலும் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் அறிக்கை வெளியிட்டது. பாறையை வெளியே எடுத்து வேலை செய்யும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், குழந்தைகளை அந்த அறையில் விடாதீர்கள், வெந்நீர் பக்கமே போகாதீர்கள்.

புதிய பவளம் வரும்போது

எல்லாப் புழுவும் ஒரே வழியில்தான் வருகிறது. பவளத்தோடும், பாறையோடும், பிளக்கோடும், கடைப் பையின் தண்ணீரோடும். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. வந்த ஃப்ராக்கை பவளத்துக்கான டிப் மருந்தில் நனைத்து, பீய்ச்சி, வாளியின் அடியில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த வாளியை அவசரமாகக் கொட்டிவிடாதீர்கள், கடைக்காரரின் தொட்டியில் என்ன இருக்கிறது என்பது அதன் அடியில் கிடக்கிறது. பிறகு பிளக்கை நீக்கி, தனித் தொட்டியில் வைத்து, அக்ரோபோரா என்றால் மேலே சொன்ன நாள் கணக்கில் மறுபடியும் டிப். ஒரு பழைய மீன் தொட்டி, சின்ன விளக்கு, ஒரு பவர்ஹெட் இருந்தால் தனித் தொட்டி தயார்.

வாங்குமிடமும் முக்கியம். இந்தியாவில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை, 2001ஆம் ஆண்டிலிருந்து முதலாம் அட்டவணையில். மன்னார் வளைகுடாவிலிருந்தோ அந்தமானிலிருந்தோ எடுத்துவந்ததை வாங்குவது குற்றம், அந்தப் பவளத்திட்டுக்குச் செய்யும் அநியாயமும்கூட. எங்கிருந்து வந்தது என்று காகிதம் காட்டாத விற்பனையாளரிடம் பவளம் வாங்காதீர்கள். ஒளித்து விற்பவர் டிப் கொடுத்திருப்பார், தனியே வைத்துப் பார்த்திருப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

உங்கள் தொட்டியில் இப்போது புழு இருந்தால் ஒரு ஃப்ராக்கும், ஒரு துண்டுப் பாறையும், ஒரு டம்ளர் தண்ணீரும் யாருக்கும் கொடுக்காதீர்கள், அவர்கள் எவ்வளவு கேட்டாலும். சைஃபன் குழாயையும் வலையையும் இரவல் கொடுக்காதீர்கள். கடந்த சில மாதங்களில் அக்ரோபோரா வெட்டிக் கொடுத்திருந்தால், வாங்கியவர்களை இன்றே கூப்பிட்டு, அடிப்பகுதியில் பொன்பழுப்பு முட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் யாருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.